மூன்று கான் மண்ணெண்ணெய்: திருகோணமலைக் கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றில் கூட்டு உடைந்த விதமும் ஒட்டிய அளவும்

இந்த ஆய்வு, திருகோணமலை நகருக்கு வடக்கே உள்ள ஒரு கரையோரக் கிராமத்தின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் 2022 ஏப்ரல் முதல் அந்த ஆண்டின் வாடைக்காலம் தொடங்கும் வரை நடந்ததைப் பதிவு செய்கிறது. சங்கத்தின் வழங்கல் பதிவேடு, கூட்டக் குறிப்பேடு, ஏல விற்பனைப் புத்தகம், அங்கத்தவர்கள் சொன்னவை ஆகியவையே ஆதாரம். ஊரையும் ஆட்களையும் காட்டிக்கொடுக்கும் விபரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

சங்கத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் பைபர் படகுகள் 54 இருந்தன. பெற்றோலில் இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வெளியிணைப்பு எஞ்சின்கள். முழு வேகத்தில் மணிக்கு ஆறு லீற்றர் வரை குடிக்கும். 60 லீற்றர், அதாவது மூன்று கான், கையில் இருந்தால் மூன்று தரம் தொழிலுக்குப் போய் வரலாம்.

படகுகள் இரண்டு துறைகளில் ஏறும். வடக்குத் துறையில் இருப்பவர்கள் பழைய குடிகள். தெற்குத் துறையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். கலியாணம், கோயில் திருவிழா எல்லாம் ஒன்றாகத்தான். ஆனாலும் சங்கக் களஞ்சியமும் தலைவர் வீடும் வடக்குத் துறைப் பக்கம்.

மீன் விற்பனை சங்க ஏலத்தில் நடந்தது. விற்பனைப் பணத்தில் நூற்றுக்கு இரண்டு சங்க நிதிக்குப் பிடிக்கப்படும். கொழும்புக்கு அருகே உள்ள பேலியகொடை மீன் சந்தைக்கு ஏற்றும் லொறிக்காரர் உட்பட ஏழு வியாபாரிகள் வழமையாக வருவார்கள். சங்கம் அங்கத்தவர்களுக்குச் செய்த பெரிய நன்மை இந்தப் போட்டி ஏலம்தான். படகுகள் கூடினால் பெட்டிகள் கூடும், பெட்டிகள் கூடினால் லொறிகள் கூடும், விலை ஏறும்.

தலைவர் பத்து வருடங்களுக்கு மேல் பதவியில் இருந்தவர். 2004 சுனாமிக்குப் பிறகு வந்த வலைகளையும் படகுகளையும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பங்கிட்டவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. காசு விஷயத்தில் அவர் மீது யாரும், அந்த வருடம் கடுமையாகச் சண்டை பிடித்தவர்கள்கூட, ஒரு சொல் சொன்னதில்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

கண்டது: ஏப்ரல் முதல் ஜூன் வரை

2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது கிழக்குக் கரையில் தொழில் நன்றாக நடக்கும் காலம். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா. ஜூன் 26 முதல் 92 ஒக்ரேன் பெற்றோல் 470, ஒட்டோ டீசல் 460. இந்த இடைவெளியே பாதிப் பிரச்சினையை உண்டாக்கியது. 87 ரூபாவுக்கு வாங்கிய கானை ரோட்டில் கேட்ட விலைக்குக் கொடுக்கலாம் என்ற நிலையில், எவர் கையில் ஒரு கான் கூடுதலாக இருந்தாலும் அது சந்தேகம்தான்.

6,600 லீற்றர் பவுசர் ஒன்றைப் பக்கத்துச் சங்கமும் இந்தச் சங்கமும் பாதிக்குப் பாதி எடுத்தன. 3,300 லீற்றர் என்றால் 210 லீற்றர் பரல் 15 நிறையும், 16ஆவது முக்கால் அளவுக்கு வரும். படகுக்கு 60 என்று 54 படகுகளுக்கு 3,240 லீற்றர். மிச்சம் 60. கணக்கில் எல்லாம் சரி.

ஆனால் முதல் வழங்கலிலேயே கடைசியாக நின்ற மூன்று படகுகள் வெறும் கானோடு திரும்பின. அதற்கு முன் நின்றவருக்கு ஒரு கானும் கொஞ்சமும். இரண்டாவது வழங்கலிலும் அதேபோல். வரிசை வடக்குத் துறையில் தொடங்கியதால் வெறுங்கையோடு போனவர்கள் எல்லோரும் தெற்குத் துறைக்காரர்.

தெற்குத் துறையில் எழுந்த பேச்சைச் சொல்லத் தேவையில்லை. “எங்கட ஆக்கள் எண்டா எப்பவும் கடைசிதானே” என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னது குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. களஞ்சியப் பொறுப்பாளர் இரவில் விற்கிறார் என்பது ஒரு கதை. தலைவர் வீட்டுப் பின்வளவில் இரண்டு பரல் புதைத்திருக்கிறது என்பது இன்னொன்று.

இதற்கிடையில் தலைவர் தன் பாணியில் உதவி செய்துகொண்டிருந்தார். செத்த வீட்டுச் செலவுக்குக் கடலுக்குப் போக வேண்டிய ஒருவருக்கு ஒரு கான். பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த இன்னொருவருக்கு ஒன்று. வழங்கலுக்கு நாலு கான் வரை இப்படிப் போனது. தனித்தனியே பார்த்தால் ஒன்றிலும் பிழை சொல்ல முடியாது. எதுவும் எழுதப்படவில்லை. எழுதினால் வாங்கியவருக்குக் கூச்சமாக இருக்கும் என்பது அவர் நினைப்பு. கொடுப்பதை வெளியே சொல்லக்கூடாது என்று வளர்ந்த மனிதர். தன் வீட்டுச் சொத்துக்கு அந்தக் குணம் அழகு. பொதுச் சொத்தில் அது, மற்ற 50 பேர் கண்ணுக்கு, இருட்டில் கான் போவதாகத் தெரிந்தது.

மே நடுப்பகுதிக்குள் விளைவு ஏலப் புத்தகத்தில் தெரிந்தது. தெற்குத் துறைப் படகுகள் பிடித்ததைக் கரைக்கு வந்ததும் ஒரு தனி வியாபாரிக்குக் கொடுக்கத் தொடங்கின. நூற்றுக்கு இரண்டு நிதிக்குப் போகவில்லை. பெட்டி குறைய, ஏழு வியாபாரிகள் மூன்றானார்கள். வடக்குத் துறைக்கும் விலை விழுந்தது. ஐஸ் பெட்டி கழுவும் முறையை யாரும் எடுக்கவில்லை. மண்ணெண்ணெயில் தொடங்கிய பிணக்கு, மண்ணெண்ணெயோடு சம்பந்தமே இல்லாத வேலைகளில் வெளிப்பட்டது.

அதே ஆட்கள் அதே வாரங்களில் கரைவலையில், அதாவது பலர் கரையில் நின்று சேர்ந்து இழுக்கும் பெரிய வலையில், ஒழுங்காக இழுத்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் ரிங்கெல்மான் 1913 இல் வெளியிட்ட கயிறிழுப்பு அளவீடுகளின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால் ஒவ்வொருவரும் தனியே இழுப்பதில் பாதியளவே தருகிறார்கள். கரைவலையில் அந்தச் சோர்வைப் பிடிக்க, இழுப்பை நடத்தும் மண்டாடி இருக்கிறார், இழுப்பைச் சேர்க்க அம்பா என்ற தொழிற்பாட்டு இருக்கிறது, வலையின் மடி கரையேறியதும் பங்கு மணலிலேயே எல்லோர் முன்னும் பிரிகிறது. களஞ்சியத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை.

முதல் இரண்டு முடிவுகள்

இரண்டாவது வழங்கலுக்குப் பிறகு தலைவர் அவசரப் பொதுக்கூட்டம் கூட்டினார். உருக்கமாகப் பேசினார். ஒரே கடலில் தொழில் செய்பவர்கள் இப்படிப் பிரியலாமா என்று கேட்டார். கைதட்டல் கிடைத்தது. மூன்றாவது வழங்கலில் நிலைமை இன்னும் மோசமானது: முன்வரிசையில் நின்றவர்கள் பெரிய கான் கொண்டுவந்தார்கள்.

பேச்சு உண்மையானது, ஆனால் எதையும் மாற்றவில்லை. பொது நிதிக்குப் பணம் போடும் பரிசோதனைகளில் பொருளியல் ஆய்வாளர்கள் பிஷ்பாகர், கேக்டர், ஃபேர் ஆகியோர் 2001 இல் காட்டியது இதற்குப் பொருந்தும். ஏறத்தாழப் பாதிப்பேர், மற்றவர்கள் எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்த்துத் தாங்களும் போடுபவர்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினர் யார் போட்டாலும் ஒன்றும் போடாதவர்கள். பார்த்துப் போடும் அந்தப் பாதிப்பேரைப் பிடித்துவைத்திருப்பதுதான் தலைமையின் வேலை. அவர்களுக்கு வேண்டியது உபதேசத்தைவிட, மற்றவன் என்ன எடுத்தான் என்ற தகவல். கூட்டத்தில் அது மட்டும் கிடைக்கவில்லை.

இரண்டாவது முடிவு நிர்வாக சபையுடையது: களஞ்சியத்துக்கு இரண்டு பூட்டு, துறைக்கு ஒரு திறப்பு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பூட்டு மாட்டப்பட்டது. சம்பளம் இல்லாமல் ஆறு வருடம் அந்த வேலையைப் பார்த்தவர் அவர். அடுத்த நாள் பதிவேட்டையும் கைப்பம்பையும் சங்கத்தில் வைத்துவிட்டு விலகினார். அவர் விலகியதையே ஊர் சாட்சியாக எடுத்துக்கொண்டது. நான்காவது வழங்கலில் புதியவர் ஒருவர் இரண்டு திறப்புக்காரர் முன்னிலையில் ஊற்றினார். அப்போதும் மூன்று படகுகளுக்கு இல்லை.

ஒருவரும் களவெடுக்கவில்லை, ஆனாலும் குறைகிறது என்ற எண்ணம் முதல்முறையாக அங்கேதான் வந்தது. பூட்டால் கிடைத்த ஒரே பயன் அது.

தராசு

சங்கத்தில் பகுதிநேரமாகக் கணக்கெழுதிய இலிகிதர் ஒரு மீனவரின் மனைவி. நான்காவது வழங்கல் முடிந்த பின்னேரம் தன் வீட்டு மூன்று கான்களையும் மீன் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தார். மண்ணெண்ணெய் லீற்றர் சுமார் 0.8 கிலோ. 20 லீற்றர் என்றால் 16 கிலோ இருக்க வேண்டும். வெறும் கானின் எடையைக் கழித்த பிறகு ஒவ்வொன்றும் 17 கிலோ காட்டியது, அதாவது 21 லீற்றருக்கும் சற்று மேல். 20 லீற்றர் கானை வாய்வரை நிரப்பினால் ஒரு லீற்றருக்கு மேல் கூடுதலாகப் பிடிக்கும். அது எல்லோர் கண்முன்னும் இருந்த விஷயம், யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

162 கான்கள். கானுக்கு ஒன்றேகால் லீற்றர் என்றால் 200 லீற்றருக்கு மேல். எழுதாத நாலு கானும் சேர்ந்தால் 280 ஐத் தாண்டும். கையிருப்பு மிச்சமோ 60. ஐம்பது படகு நிறைந்ததும் பரலின் அடி தெரியும். பதிவேட்டில் இருந்த மூன்று வெறுங்கையும் ஒரு அரைகுறையும் அப்படியே வந்துவிட்டது.

நிரப்பியவர் திருட நினைக்கவில்லை. முன்னால் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர் “வாய் மட்டும் விடுங்கோ அண்ணை” என்று கேட்கும்போது, நாலு விரல் குறைத்து நிறுத்துவது களவு மாதிரித் தெரியும். குறைவாக ஊற்றினால் ஒருவர் நேரே முகம் சுளிப்பார். கூட ஊற்றினால் பாதிக்கப்படுபவர் வரிசையின் கடைசியில், கண்ணுக்கு எட்டாத தூரத்தில். எதிரில் நிற்பவருக்கு விட்டுக்கொடுப்பது மனித இயல்பு, செலவு மட்டும் அங்கே இல்லாதவர் தலையில் விழுகிறது. தலைவரின் சலுகைக் கான்களும் இதே வகைதான்.

இலிகிதர் கணக்கை முதலில் தலைவரிடம் மட்டும் கொண்டுபோனார். “மாமா, களவு ஒண்டும் இல்லை. கான்தான் பிழை.” தலைவர் சந்தோஷப்படவில்லை. “பிள்ளை, இதை இப்ப சொன்னா நிறைச்சு வாங்கின ஐம்பது பேரும் கள்ளர் ஆயிடுவாங்கள்” என்றார். அது சாக்கு அல்ல, நியாயமான பயம். கெட்ட செய்தியைச் சபையில் எப்படி வைப்பது என்பதே அந்த வாரத்தின் உண்மையான தலைமைத்துவக் கேள்வி.

அவர் எடுத்த முடிவு இது. ஏலம் நடக்கும் இடத்தில், வியாபாரிகளும் இரண்டு துறைக்காரரும் நிற்கும்போது, தன் மகனுடைய படகின் கான்களை முதலில் நிறுக்கச் சொன்னார். இரண்டு கான் 17 கிலோ, ஒன்று அதற்கும் மேல். பிறகு எழுதாமல் கொடுத்த கான்களைத் தானே வாய்விட்டு எண்ணினார். வாங்கியவர் பெயர் சொல்லவில்லை, தொகையை மட்டும் சொன்னார். குறை சொல்ல வந்தவர்களில் பலர் தங்கள் வீட்டுக் கானை எடுத்துவந்து தாங்களே தராசில் வைத்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு முன் எதிரும் புதிருமாய் நின்றவர்கள் ஒரே தராசைச் சுற்றி நின்று எடை வாசித்தார்கள்.

ஜூலை: புதிய ஒழுங்கு

ஐந்தாவது வழங்கலுக்கு முன் நிர்வாக சபை கீழ்க்கண்டவற்றைத் தீர்மானித்தது.

ஒவ்வொரு கானும் வெறுமையாக நிறுக்கப்பட்டு, அந்த எடையும் “+16” என்ற குறியும் பெயின்ரில் எழுதப்பட்டன. ஊற்றியபின் கான் தராசில் ஏறும். கூடினால் திரும்பப் பரலுக்கு. முன்னைவிட நேரம் கூடப் பிடிக்கிறது என்று முறைப்பாடு வந்தது உண்மை. இரண்டாவது தடவையில் பழகிவிட்டது.

படகுகள் ஒன்பது ஒன்பதாக ஆறு குழுக்களாகின. சீட்டுக் குலுக்கி இரண்டு துறையையும் கலந்து போட்டார்கள். ஒவ்வொரு வழங்கலிலும் முதல் நின்ற குழு அடுத்த முறை கடைசிக்குப் போகும். முதல் சுற்றில் கடைசி இடத்தைத் தலைவரின் மகன் இருந்த குழு கேட்டு வாங்கியது.

மிச்சம் 60 லீற்றர் அவசரப் பங்கு. மூன்று கான், அதற்கு மேல் இல்லை. இலிகிதரும் துறைக்கு ஒருவரும் சேர்ந்து தீர்மானிப்பார்கள். தலைவருக்கு இதில் குரல் இல்லை. அவரே அப்படிக் கேட்டார், கேட்டு வருபவர்களிடம் இல்லை என்று சொல்லத் தன்னால் முடியாது என்று தெரிந்து.

ஏல இடத்தில் ஒரு கரும்பலகை: வந்தது, கொடுத்தது, அவசரப் பங்கு, மிச்சம். இலிகிதர் எழுதுவார், எந்த அங்கத்தவரும் பதிவேட்டைக் கேட்டு ஒப்பிடலாம்.

விற்றுப் பிடிபட்டால்: முதல் தடவை குழுத் தலைவர் தனியே சொல்வார், இரண்டாவது தடவை அவரது குழு முழுவதும் கடைசிக்குப் போகும், மூன்றாவது தடவை ஒரு வழங்கல் இல்லை. 2009 இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம், பொது வளத்தை நீண்டகாலம் காத்த சமூகங்களில் இப்படிச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறும் தண்டனையைக் கண்டார். இங்கே முதற்படி சரியாக அமைந்தது. இரண்டாவது படி சரியாக அமையவில்லை.

மூன்று படகு வைத்திருந்த ஒருவர், ஏலத்துக்கு அதிகம் மீன் கொண்டுவந்தவர், ஐந்தாவது வழங்கல் முடிந்த இரவே பிரதான வீதியில் இரண்டு கான் விற்றார். தனியே சொல்லப்பட்டது. ஆறாவதிலும் விற்றார். அவரது குழு கடைசிக்குத் தள்ளப்பட்டபோது குற்றம் செய்யாத மற்றப் படகுக்காரர்கள் கொதித்தார்கள், அந்தக் குழுத் தலைவர் பொறுப்பை விட்டார். ஒருவன் பிழைக்கு எட்டுப் பேரைத் தண்டித்தால் எட்டுப் பேரும் அவனைக் கண்காணிப்பார்கள் என்பது காகிதத்தில் நல்ல யோசனை. நடப்பில் அவர்கள் விதியை வெறுத்தார்கள். உடனே அது மாற்றப்பட்டு, விற்றவருக்கு மட்டும் ஒரு கான் குறைப்பு என்றானது. மூன்றாவது தடவையும் பிடிபட்டு ஏழாவது வழங்கலை இழந்தவர் ஓகஸ்ட் தொடக்கத்தில் மூன்று படகோடு சங்கத்தை விட்டுப் போனார்.

அவரைச் சமாதானப்படுத்தித் தக்கவைக்கும்படி தலைவருக்கு நெருக்குதல் வந்தது. ஏலத்துக்கு அவர் மீன் எவ்வளவு முக்கியம் என்பது எல்லோருக்கும் தெரியும். தலைவர் வீட்டுக்குப் போய்ப் பேசினார், ஆனால் தண்டனையைக் குறைக்கவில்லை. நட்டம் உண்மையானது. இருந்தும் அந்த வாரம் தெற்குத் துறையிலிருந்து விலகியிருந்த படகுகள் ஏலத்துக்குத் திரும்பின. பெரியவருக்கும் அதே விதிதானா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

ஓகஸ்ட் 21க்குப் பிறகு

அன்று நள்ளிரவு முதல் மண்ணெண்ணெய் 87 இலிருந்து 340 ரூபாவானது. படகுக்கு 60 லீற்றர் 5,220 ஆக இருந்தது 20,400 ஆகியது. வரிசை ஒரே நாளில் கரைந்தது. கள்ள விற்பனைக்கு இலாபமும் இல்லை, பூட்டுக்கு வேலையும் இல்லை. பிரச்சினை தலைகீழானது: எடுக்க ஆளில்லை.

குழுக்கள் எதிர்பாராத விதமாக இங்கே பயன்பட்டன. நாலு குழுக்களில் படகுகள் சோடி சேர்ந்தன. ஒரு நாள் இவரது எஞ்சின், மறுநாள் அவரது எஞ்சின், இரண்டு படகு ஆட்களும் ஒன்றில், எரிபொருள் பாதிப் பாதி. எஞ்சினுக்குப் பங்கு உண்டா என்பதில் இழுபறி வந்து, ஒரு ஆள் பங்கு என்று முடிந்தது. மற்ற இரண்டு குழுக்களில் சோடி சேரவில்லை. காரணம் மனமல்ல, தூரம். சீட்டுக் குலுக்கிக் கலந்ததால் சோடியாக வேண்டிய படகுகள் வெவ்வேறு துறையில் கிடந்தன, விடிய இரண்டு மணிக்கு மறுதுறைக்கு நடந்துபோக எவரும் விரும்பவில்லை. சந்தேகத்தைத் தீர்த்த அதே கலப்பு கூட்டுத்தொழிலுக்கு இடைஞ்சலானது.

ஏலத்தில் வியாபாரிகள் மூன்றிலிருந்து ஐந்தானார்கள், ஏழுக்குத் திரும்பவில்லை. முதல் களஞ்சியப் பொறுப்பாளர் சங்கத்துக்கு வரவேயில்லை. தலைவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், ஆனால் பூட்டுப் போட்டது எல்லோர் முன்னும், மன்னிப்புக் கேட்டது நாலு சுவருக்குள்.

மாற்ற வேண்டியவை

அளவு முதல், கூட்டம் பிறகு. சங்கத்தில் தராசு முதல் நாளிலிருந்தே இருந்தது. முதல் வழங்கலில் பத்துக் கானை நிறுத்திருந்தால் போதும், இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும். குறை தென்பட்டதும் யார் என்று கேட்காமல் எவ்வளவு, எந்த இடத்தில் என்று கேட்பதை ஒரு நடைமுறையாகவே குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம்.

பவுசரைச் சங்கம் ஒருமுறையும் அளக்கவில்லை. இறக்குவதற்கு முன் முத்திரை இலக்கத்தைப் பார்ப்பதும், அளவுக்கோல் விட்டு இரு சங்கத்தாரும் கையொப்பமிடுவதும் கட்டாயமாக வேண்டும்.

குழுக்களைத் துறைவாரியாக அமைத்து, கடைசி இடச் சுழற்சியை மட்டும் இரண்டு துறைக்கும் மாறிமாறி வைத்தால் நியாயமும் கெடாது, சோடி சேர்வதும் எளிது.

பொறுப்பில் இருப்பவரைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால் பூட்டுக்கு முன் அவரையே அழைத்து, அவர் கையாலேயே அளக்கச் செய்ய வேண்டும். பிழை இல்லையென்று தெரிந்தால் அதைக் குறிப்பேட்டில் பதிந்து பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். இந்தச் சங்கத்தில் அந்த வாடைக்காலம் தொடங்கும் வரை அது நடக்கவில்லை.

நூற்றுக்கு இரண்டு நிதியும் கரும்பலகைக்கு வர வேண்டும். ஒக்டோபர் நிர்வாக சபையில் இலிகிதர் இதைக் கேட்டபோது, நிதியில் எவரும் குறை சொல்லவில்லையே, பிறகு பார்ப்போம் என்று தலைவர் ஒத்திவைத்தார். ஏப்ரலுக்கு முன் மண்ணெண்ணெய் பற்றியும் எவரும் குறை சொல்லியிருக்கவில்லை. வாடைக்காலத்தில் படகுகள் கரையேறி, ஆட்கள் ஓய்வாக இருக்கும்போதே அதைத் தொடங்கினால், அடுத்த தொழிற்காலத்துக்குள் கணக்கு வாசிக்கும் பழக்கம் இரண்டு துறைக்கும் வந்துவிடும்.